தாத்தா வாட்சின் முதுகில் ஒரு ‘விரோதி’

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. தாத்தாவின் வாட்ச் ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது. எந்தத் துரை, எதற்குக் கொடுத்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஆற்றில் விழுந்த துரையைத் தாத்தா நீந்திப் போய்க் காப்பாற்றினார் என்பார் பெரியப்பா. தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது என்பார் அத்தை.

பெரியப்பா போன பிறகு அவர் அலமாரியைக் காலி செய்தபோது அந்த வாட்ச் என் கைக்கு வந்தது. பழைய பட்டன்கள் போட்டு வைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கிடந்தது. இப்போதைய வாட்சுகளோடு ஒப்பிட்டால் குழந்தை கட்டுகிற அளவு. வெள்ளை டயல் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. 6 மணி இருக்கும் இடத்தில் விநாடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். டயலில் ‘சைமா’ என்று பெயர். சாவி கொடுத்தேன், ஓடியது. பத்து நிமிடத்தில் நின்றது.

பின்பக்கம்தான் விஷயமே. மேலே மெஷினில் வெட்டிய ஆங்கில எழுத்துகள்: ஏ.டி.பி. அதற்குக் கீழே கோழிக்கால் மாதிரி மூன்று கோடு, பக்கத்தில் பி எழுத்தோடு ஒரு நம்பர். இது ஒரு ரகம். விளிம்பை ஒட்டி இன்னொரு ரகம்: புள்ளி புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்து. ‘மு.ரா.’ என்பது தாத்தாவின் இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும். அடுத்து ‘விரோதி’. அதற்கப்புறம் ஒரு சின்னச் சொல், தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் தாத்தா பர்மா சண்டைக்குப் போய்விட்டார். விரோதி என்றால் எதிரி, எதிரியிடம் பிடுங்கிய வாட்ச், ஆகவே ஜப்பான்காரனுடையது என்று தம்பி முடிவே கட்டிவிட்டான். தாத்தா கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் கணக்குப்பிள்ளை. அடங்கலும் சிட்டாவும் தவிர எதையும் தூக்கியவர் இல்லை.

முதல் துப்பு அந்தக் கோழிக்காலில் கிடைத்தது. அதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். ஊரில் எங்கள் வயல் மூலையில் இருக்கும் சர்வே கல்! அதிலும் இதே அம்புக்குறி. பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொத்து எதுவானாலும் அதில் இந்த அம்பைப் பொறித்துவிடும். பீரங்கியானாலும் சரி, கைதியின் சட்டையானாலும் சரி. அப்படியென்றால் இது யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுத்ததற்கான பொறிப்பே இல்லை. அரசாங்க நாற்காலியில் பெயின்டால் நம்பர் எழுதுவார்களே, அந்த வகை.

அங்கிருந்து ஏ.டி.பி.யைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. ஆர்மி டிரேட் பேட்டர்ன் என்பதன் சுருக்கம் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவசரமாக வாட்ச் தேவைப்பட்டது. புதிதாக வடிவமைக்க நேரமில்லை. நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் கம்பெனிகள் சாதாரண ஜனங்களுக்குச் செய்துகொண்டிருந்த 15 ஜுவல் வாட்சுகளையே (சக்கரங்கள் தேயாமல் சுழல உள்ளே 15 குட்டிக் கற்கள் வைத்தவை) சர்க்கார் சில மாற்றங்களோடு வாங்கிப் படைக்குக் கொடுத்தது. சைமா அவற்றில் ஒன்று. 1945இல் ராணுவம் தனக்கென்றே விதிகள் போட்டு, 12 கம்பெனிகளிடம் வேறு வாட்ச் செய்து வாங்கியது. அதன் முதுகில் மூன்று ‘டபிள்யூ’ இருக்கும். அந்தப் பன்னிரண்டையும் சேர்க்கத்தான் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். எங்களுடையது அதற்கு ஒரு படி கீழே.

அந்த நம்பரை வைத்து, வாட்சைக் கட்டிய சிப்பாய் யாரென்று கண்டுபிடித்துவிடலாம் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். ஒரு மாதம் வீண். அது ஸ்டோர் கணக்குக்கான நம்பர், அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க ஆள் தேடினேன். முதலில் போன கடையில், வார் மாட்டும் கம்பி உடம்போடு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, “இத வெட்டிட்டு ஸ்பிரிங் பார் போட்டுடலாம் சார், பின்னாடியும் நல்லா பாலிஷ் போட்டு அந்தக் கிறுக்கல எடுத்துடறேன்” என்றார்கள். நல்லவேளை, அன்று கடையில் கூட்டம். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பினேன். அந்தக் கம்பி சண்டைக்களத்தில் வாட்ச் கழன்று விழாமல் இருக்க நிரந்தரமாகப் பற்றவைத்தது. ஒற்றை வாரை அடியில் கொடுத்து இழுத்துத்தான் மாட்ட வேண்டும். அதை வெட்டியிருந்தால் வாட்சின் அடையாளமே போயிருக்கும்.

திருவல்லிக்கேணியில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர்தான் கடைசியில் திறந்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூடியின் உட்புறத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். ஊசியால் கீறியது போல மூன்று குறிகள். “ரிப்பேர்காரன் போட்டது தம்பி. திரும்ப வந்தா நாமதான் பார்த்தோமான்னு தெரியணும்ல.” ஒன்றில் 62 என்று படிக்க முடிந்தது.

டயலை அவர் வெகுநேரம் பார்த்தார். நம் நாட்டிலிருந்து போகும் பழைய வாட்சுகளுக்கு வெளிநாட்டில் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. தேய்ந்த டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடித்து, நாலு வாட்ச் சாமானை ஒன்றில் பொருத்தி விற்பார்கள். எழுத்து தடித்து வழிந்திருக்கும், அடியில் பொடியாக இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ காணாமல் போயிருக்கும். எங்களுடையதில் அது மயிரிழையாக இருந்தது. “அழுக்குதான், ஆனா கைபடாத அழுக்கு” என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் முள்ளைத் தொட மாட்டேன் என்றார். இருட்டில் மின்னுகிற எதையும் நாம் ரேடியம் என்கிறோம், ஸ்கூல் பை ஸ்டிக்கர் உட்பட. இதில் இருப்பது நிஜ ரேடியம். மின்னும் பூச்சு செத்துப் பல வருடம் ஆகியிருக்கும், அதனால் இருட்டில் ஒன்றும் தெரியாது. ரேடியத்துக்கோ பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேண்டும். சுரண்டினால் பறக்கும் தூசி மூச்சில் போகக் கூடாது. மெஷினை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் முந்திப் போகிறது. எனக்குப் போதும்.

அடுத்தது விலை. விற்பவர்கள் இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து நான் கொஞ்ச நாள் பணக்காரனாக இருந்தேன். உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடியபோது அது பாதிக்கும் கீழே போனது. பழைய வாட்ச் வாங்கி விற்கும் ஒருவரிடம் நேரில் காட்டினேன். டயலைப் பார்த்து முகம் மலர்ந்தவர், திருப்பியதும் உதட்டைப் பிதுக்கினார். “மிலிட்டரி மார்க் சூப்பர். கீழ யாரோ ஆணியால குத்தி வச்சிருக்காங்களே சார். அது இல்லேன்னா இருபது. இப்ப பன்னிரண்டாயிரம் தரேன்.”

ஆக, அந்த ‘விரோதி’க்கு எட்டாயிரம் ரூபாய் தண்டம்.

கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை இருந்தது. அதற்கு முன் கும்பகோணம் போய் அத்தையிடம் நேரில் காட்டினேன். வாட்ஸப்பில் இல்லாத ஒரே ஆள் அவர்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாட்சை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது வருஷம்டா. விரோதி வருஷம். பக்கத்துல ‘தை’ன்னு இருக்கு பாரு. அப்பா அம்மா கல்யாணம் விரோதி தைலதானே.”

போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது வருடச் சுழற்சியில் 2009இல் வந்த விரோதி, அதற்கு முந்தைய சுற்றில் 1949 சித்திரையில் தொடங்கியது. அதன் தை என்றால் 1950 ஜனவரி நடுவில் பிறந்தது. போர் முடிந்து நாலரை வருடம்.

மீதியைப் பாட்டி சொல்லக் கேட்டதாக அத்தை சொன்னார். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவதாகப் பேச்சு. புது வாட்சுக்குக் கொள்ளுத்தாத்தாவின் கையில் பணம் போதவில்லை. மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் இதை வாங்கி வந்திருக்கிறார். மிலிட்டரி துரை கட்டிய வாட்ச் என்று கடைக்காரன் சொல்லிக் கொடுத்தானாம். பழசு என்று சம்பந்தி வீட்டில் யாரோ முணுமுணுக்க, “துரை வாட்சாக்கும்” என்று பாட்டி வீட்டார் நிமிர்ந்து நின்றிருக்கிறார்கள். ‘துரை கட்டியது’ எப்போது ‘துரை கொடுத்தது’ ஆயிற்று என்று அத்தைக்கும் தெரியவில்லை. பெரியப்பாவின் கைங்கரியமாக இருக்கும்.

“புள்ளி வச்சது யாரு அத்தை?”

அவர் பதில் சொல்லாமல் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டா, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. விளிம்பில் பாட்டியின் பெயர், அதன் பிறகு ‘விரோதி தை’. பாத்திரக்கடையில் உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பெயர் வெட்டுகிறவர் அண்டாவோடு வாட்சையும் வாங்கித் தட்டியிருக்கிறார். அண்டாவில் ஆழமாக இறங்கிய புள்ளி, வாட்சின் இரும்பு மூடியில் மேலாக நின்றிருந்தது. ஆனால் ‘ரோ’வின் கொம்பு இரண்டிலும் ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வாட்சை அண்டா மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தேன்.

“எவ்வளவுக்குக் கேட்டான்?” என்றார் அத்தை.

“பன்னிரண்டாயிரம். இந்த எழுத்து இல்லேன்னா இருபதாம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அண்டாவுக்கு எவ்வளவு தருவானாம்?”