சேர் காட்டிய நேர் அச்சு

கல்லூரி மலர்களில் கிரிக்கெட் பற்றியும் அதிபர்கள் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. உலோகவேலைக் கூடத்தைப் பற்றி ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஓடு வேய்ந்த அந்த நீள அறையும், வரிசையாகப் பூட்டிய வைஸ்களும், அரம் தேய்த்த இரும்புத்தூளின் மணமும் என் படிப்பில் பெரும்பங்கு. அங்கே கற்றது இன்று என் கையில் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால், எங்கள் உலோகவேலை ஆசிரியரான சேருக்கு அது உரிய மரியாதையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் கனடாவின் ஸ்காபரோவிலுள்ள என் வீட்டின் நிலவறையில் இருந்து மொடல் கார்கள் கட்டுவது என் வழக்கம். எல்லாம் அமெரிக்க ‘ட்ராக்’ (drag) பந்தயக் கார்கள், அதாவது நேர்ப்பாதையில் குறுந்தூரம் பாய்பவை, 1:25 அளவில். அவற்றிலும் சாதாரண பெற்றோலில் ஓடிய, ‘காஸர்’ (gasser) என்று சொல்லப்படும் வகையில்தான் எனக்கு மனம். கயூகாவுக்குப் பக்கத்திலுள்ள பந்தயத் திடலில் அப்படியொன்றை முதன்முதல் பார்த்தபோது, மூக்கை உயர்த்திக்கொண்டு நின்ற அந்தக் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் ஸ்பிறிங் தகடுகள், முனைகளில் சில்லு திரும்புவதற்கான சுழல் ஆணி, அதாவது கிங்பின். எனக்கு அது பழக்கப்பட்ட பொருள்.

கல்லூரிக்குப் பின்வீதியில் ஒரு லொறிக் கராச் இருந்தது. சேர் எங்கள் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போவார். சில்லுக் கழற்றிய பெட்போர்ட் லொறியின் முன்னால் எங்களைக் குந்தவைத்து, அச்சின் பாரம் ஸ்பிறிங்குக்கு எப்படிப் போகிறது, யூ வடிவ போல்ற் எதைப் பிடிக்கிறது, கிங்பின் ஏன் நேர்செங்குத்தாக நிற்பதில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். கிறீஸ் படிந்த கையோடு வகுப்புக்குத் திரும்பியதும் பார்த்ததை வரையவேண்டும். முதலில் நடுக்கோடு. அது கீறாத தாளை அவர் திருத்துவதேயில்லை.

லொறி அச்சு பந்தயக் காருக்கு ஏன் போயிற்று? அமெரிக்காவில் வொலி பார்க்ஸ் 1951இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு, சாதாரண பெற்றோலில் ஓடும் கார்களுக்கென்று தனி வகுப்புகள் வைத்தது. காரின் எடையை எஞ்சினின் கன அங்குலக் கொள்ளளவால் வகுத்து வரும் எண்ணே வகுப்பைத் தீர்மானிக்கும். கால் மைல், அதாவது 1,320 அடி ஓட்டம். அக்காலத்து ரயர்களுக்குப் பிடிமானம் போதாது. எஞ்சினின் பலத்தில் பாதி, சில்லு வழுக்கிப் புகையாகப் போய்விடும். கார் பாய்ந்து புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்குப் பின்சில்லுகளில் பாரம் கூடும். ஆகவே காரையே தூக்கி நிறுத்தினார்கள். தூக்குவதற்குச் சுலபமானதும், முன்சில்லு எழும்பித் தரையில் விழுந்தாலும் உடையாததும், மலிவானதும் பழைய லொறிகளிலும் வான்களிலும் கிடைத்த நேர் அச்சுத்தான். ஸ்ரோன்–வுட்ஸ்–குக் அணியும் ‘பிக் ஜோன்’ மஸ்மேனியனும் 1941 வில்லிஸ் கார்களில் பந்தயத்தில் மோதிக்கொண்ட காலம் அது. 1960களின் பிற்பகுதியில் நல்ல ரயர்கள் வந்தன. உயரத்துக்குத் தேவையில்லாமற் போயிற்று.

இப்போது மேசையில் நிற்பது 1955 ஷெவர்லே. அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து நேர் அச்சோடு வரவில்லை. இரண்டு முன்சில்லும் தனித்தனிக் கைகளில் தொங்கும். பந்தயக்காரர்கள் அதை வெட்டி எறிந்தார்கள், நானும் வெட்டுகிறேன். உண்மைக் காரின் இரு அச்சுக்கும் இடைத்தூரம் 115 அங்குலம். 25ஆல் வகுத்தால் 4.6 அங்குலம், அதாவது 116.8 மில்லிமீற்றர். கண்ணாடித் தட்டுக்கு அடியில் கோட்டுத்தாளை வைத்து, நடுக்கோட்டையும் இரண்டு அச்சுக் கோடுகளையும் கீறி, அதன்மேல்தான் சட்டகத்தை வைக்கிறேன். முன்பக்கத்துக்குப் புதுச் சட்டம், உண்மையில் 2க்கு 4 அங்குலப் பெட்டிக்குழாய்; என் கையில் 2க்கு 4 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக்.

ஸ்பிறிங்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை. கால் அங்குலத் தகட்டை 25ஆல் வகுத்தால் சரியாக 0.010 அங்குலம், 2 அங்குல அகலம் 0.080 ஆகும். கடையில் அதே அளவில் பிளாஸ்ரிக் பட்டி விற்கிறது. நீளத்தில் படிப்படியாகக் குறையும் ஐந்து தகடுகளை ஒரு வளைந்த கட்டையின்மேல் அடுக்கி, கரைத்து ஒட்டும் பசையைத் தடவி, நூலால் கட்டி இரவு முழுக்க விட்டால், அவிழ்த்த பின்னும் அந்த வளைவு மாறாது. ஒரே துண்டில் வார்த்த ஸ்பிறிங் மொடல் பெட்டியோடு வருகிறது. அதை நான் பயன்படுத்துவதில்லை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அந்த மெல்லிய நிழல் விழவேண்டும்.

அச்சுக்கு 2 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய், கிங்பின்னுக்கு 0.7 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி. பித்தளையில் பற்றாசு வைக்கும் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் பிளாஸ்ரிக்குக்குப் பக்கத்தில் போகவேண்டும். சூடு பட்டால் சட்டகம் உருகிவிடும். அரத்தை எப்படிப் பிடிப்பது, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துவது, இதெல்லாம் கூடத்தில் படித்ததுதான். யூ போல்ற்றுக்கு மெல்லிய செப்புக் கம்பி போதும்.

கிங்பின்னின் தலை சற்றுப் பின்னோக்கிச் சாயவேண்டும். அந்தச் சாய்வு இருந்தால்தான் வேகத்தில் சில்லு தானாக நேருக்குத் திரும்பும். முன்சில்லு வானத்தில் எழும்பி இறங்கும் காரில் இது ஓட்டுநரின் உயிர்ப் பிரச்சினை. உண்மைக் காரில் ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு செருகுவார்கள். ஸ்பிறிங் அச்சுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னுக்கு வரும். நானும் பட்டியைத் தேய்த்து அப்படியே வைக்கிறேன். மொடலில் அது கண்ணுக்கு அரிதாகத்தான் தெரியும், ஆனால் கார் நிற்கும் தோரணை அதனால் மாறுகிறது.

பிறகு சில்லுகளைத் திருப்பும் கைகள். இரண்டு கைகளையும் சேர்க்கும் இணைப்புத்தண்டு அச்சுக்குப் பின்னால் போகுமானால், கைகள் இரண்டும் உள்நோக்கிச் சாயவேண்டும். அவற்றின் கோடுகளை நீட்டினால் பின் அச்சின் நடுவில் சந்திக்கவேண்டும். அப்போதுதான் வளைவில் உள்சில்லு வெளிச்சில்லை விடக் கூடுதலாகத் திரும்பும். குதிரை வண்டிகளுக்கென்று அக்கர்மன் 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஒழுங்கு இதற்கு முன்னோடி. நான் முதலில் பார்த்தது பெட்போர்ட் லொறியில்.

அச்சு நேராக நிற்கிறதா என்று பார்க்க சேரின் முறைக்கு மேலாக ஒன்றை நான் காணவில்லை. மேசைச் சட்டம் செய்தால் மூலைமட்டத்தை மட்டும் நம்பவிடமாட்டார், மூலைவிட்டம் இரண்டையும் அளக்கச் சொல்லுவார். நான் பின் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து இரு கிங்பின்களுக்கும் கவராயத்தால் அளக்கிறேன். இரண்டும் ஒன்றானால் அச்சு நடுக்கோட்டுக்குச் செங்கோணத்தில் நிற்கிறது. பசை முழுதாகக் காயுமுன் இதைச் செய்துவிடவேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இன்று பலர் கட்டும் காஸர்கள் வானத்தைப் பார்க்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங் தண்டின் நடுமையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று என்.எச்.ஆர்.ஏ. விதி வைத்திருந்தது. நம் அளவில் 24.4 மில்லிமீற்றர். அந்த வரம்புக்குள் நிற்கும் கார்தான் பந்தயத்துக்கு வந்த காராகத் தெரியும்.

அடுத்தது 1941 வில்லிஸ். அது பிறப்பிலேயே நேர் அச்சும் தகட்டு ஸ்பிறிங்கும் கொண்ட கார், ஆகவே சட்டகத்தை வெட்டும் வேலை குறைவு; ஸ்பிறிங்குகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். பழைய மாணவர் சங்கத்து உறுப்பினர்களின் பிள்ளைகளில் யாருக்காவது இதில் விருப்பம் இருந்தால் பனிக்கால சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அரமும் கவராயமும் என்னிடம் தாராளமாக இருக்கின்றன.