நாலாம் நம்பர் படிவமும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

நான் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தபோது என் கொழுந்தனார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார். அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேர் போடாதீங்க அண்ணி, மத்தபடி எழுதுங்க" என்றார். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். பரமக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு "அங்கே என்னதான் வைத்தியம் பார்த்தீங்க" என்று கேட்கிறார்கள். இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அதே கஷ்டத்தில் இருப்பவர்கள் கோயிலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

சாட்ஸ்வர்த் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறவெறி அரசு இந்தியர்களை மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பி, 1960களில் இங்கே கொண்டுவந்து குடிவைத்தபோது கட்டியவை பல. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். தம்பியின் நோய் அந்தச் சுவரில்தான் முதலில் தெரிந்தது. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். பேசத்தான் செய்தார்கள், கேட்கவும் செய்தது. அதனால் எங்களுக்கும் கொஞ்ச நாள் பிடிபடவில்லை. அந்த வீட்டார் கேப்டவுனுக்குப் போயிருந்த வாரத்திலும் அவருக்குக் குரல் கேட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் முகம் மாறியது.

தம்பியின் டயர் கடை வேலை போனது. தெருவில் எல்லோரும் சொன்னது "சுகர்ஸ்". ஹெராயினில் கண்டதையும் கலந்து மலிவாக விற்கிற அந்தச் சனியன் இங்கே எத்தனையோ பிள்ளைகளைத் தின்றிருக்கிறது. அதனால் ஒரு பையன் குளிக்காமல் திரிந்தால் ஊர் வேறு எதையும் யோசிக்காது. அத்தை செய்வினை என்றார். சாமி பார்க்கிறவரிடம் போனோம், எலுமிச்சம்பழம் வெட்டினோம், எதிர்வீட்டு ஆன்ட்டி தன் சபையிலிருந்து பாஸ்டரைக் கூட்டி வந்து தலையில் கைவைத்து ஜெபம் பண்ணவைத்தார். யாரையும் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் பிரியத்தில் செய்தது. ஆனால் மாதங்கள் ஓடிவிட்டன.

அத்தையின் பிரஷர் மாத்திரை வாங்கப் போன கிளினிக்கில் இருந்த சிஸ்டர்தான் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு கோயிலின் பின்கூடம், மனநோய் உள்ளவர்களின் வீட்டார் கூடும் இடம். இந்த நாட்டில் இப்படி ஆதரவுக் குழுக்கள் நிறைய உண்டு. 1994இல் தொடங்கிய சேடாக் என்ற அமைப்பு நாடு முழுக்க இத்தகைய குழுக்களை நடத்துகிறது, தொலைபேசி உதவியும் தருகிறது. நாங்கள் போனது பெயர்ப்பலகை இல்லாத சின்னக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன டீ. தமிழ், தெலுங்கு, இந்தி வீட்டார், இரண்டு முஸ்லிம் குடும்பம், பேரனுக்காக வரும் ஒரு ஜூலு கோகோ. கோகோ என்றால் அவர்கள் மொழியில் பாட்டி. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அழுகை வந்தால் அவரவர் மொழி.

அங்கே ஓர் அக்கா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மகனோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். தன் கதையைச் சொல்லவில்லை, எங்களுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. "கடைசியா எப்போ சாப்பிட்டார்? எப்போ தூங்கினார்? யாரையாவது அடிச்சாரா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு நோட்டில் எழுதினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். அதுதான் நாலாம் நம்பர் படிவம்.

தென்னாப்பிரிக்காவில் 2002இல் இயற்றி 2004 டிசம்பரில் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தானாக வைத்தியத்துக்கு வருகிறவருக்கு இந்தப் படிவம் தேவையில்லை. முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவர், அல்லது வரமாட்டேன் என்கிறவர், இவர்களுக்காக வீட்டார் விண்ணப்பிப்பது இந்தப் படிவத்தில்தான். வரமாட்டேன் என்கிறவர் என்றால், தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு செய்துவிடக்கூடும் என்ற நிலை இருக்கவேண்டும். இல்லையென்றால் அவருடைய சொத்தையோ நல்ல பெயரையோ காப்பாற்றவாவது வைத்தியம் அவசியம் என்றிருக்கவேண்டும். விண்ணப்பிக்கிறவர் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்கவேண்டும், சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் பெரியண்ணன் விண்ணப்பிக்க முடியாமல் போனது இந்த ஏழு நாள் கணக்கால்தான். அத்தை கையெழுத்துப் போட மறுத்தார். "பெத்த பிள்ளைக்கு எதிரா நான் சத்தியம் பண்ணவா?" என் வீட்டுக்காரர் போட்டார்.

'காரணம்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் எழுதியிருந்தது: "மனநிலை சரியில்லை, வீட்டில் நிம்மதி இல்லை, தயவுசெய்து உதவுங்கள்." அக்கா அதை அடித்துவிட்டார். பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார், கிழமையும் மணியும் போட்டு. சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குச் சுத்தியலால் பொதுச்சுவரை உடைக்கப் பார்த்தார். குழாய்த் தண்ணீரில் விஷம் என்று சொல்லி இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. தடுக்கப்போன தாயைத் தள்ளியதில் அவர் கீழே விழுந்தார். இப்படி. டாக்டருக்கு நம் கண்ணீரால் ஒன்றும் ஆகாது, சுத்தியலும் தண்ணீரும்தான் வேண்டும் என்றார். கொஞ்சம் கடுமையான பெண்மணிதான், ஆனால் அந்த மாதிரி ஆள்தான் அப்போது தேவைப்பட்டது.

படிவம் கையில் இருந்தாலும் ஆளை எப்படிக் கொண்டுபோவது? காவல் நிலையத்தில் "இது குடும்ப விவகாரம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் குழுவில் இருந்தவர்கள்தான். மனநோயால் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்யக்கூடிய நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பிடித்து மருத்துவமனையில் ஒப்படைக்கவேண்டியது போலீஸின் கடமை. ஜெயிலுக்கு இல்லை. மறுபடி போனபோது குழுவிலிருந்து இரண்டு பேர் கூட வந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் போலீஸிடம் அக்கா பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல், போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வேன் வந்தது. விலங்கு மாட்டாமல் கூட்டிப்போனார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது, அது வேறு கதை.

மருத்துவமனையில் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்தார்கள். இருவர் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் பார்க்கவேண்டும் என்பது விதி, எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. பிறகு 72 மணி நேரக் கண்காணிப்பு. அது பெரும்பாலும் மனநல மருத்துவமனையில் நடப்பதில்லை, சாதாரண அரசு மருத்துவமனை வார்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். போதைப்பொருள் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அத்தை அந்த வராந்தாவிலேயே நின்று தெருவைத் திட்டித் தீர்த்தார். பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்கக்கூட மறந்துவிட்டார்.

72 மணி முடிந்ததும் மனநல மருத்துவமனைக்கு மாற்றவேண்டும் என்றார்கள். அங்கேதான் வீடு இரண்டுபட்டது. லோட்டஸ் எஃப்எம் செய்தியில் கேட்ட லைஃப் எசிடிமெனி விஷயம் அத்தையின் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. கௌடெங் மாகாணத்தில் அந்தப் பெயருள்ள தனியார் மனநல நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை அரசு முறித்துக்கொண்டு, 1,400க்கும் மேற்பட்ட மனநோயாளிகளை வெளியேற்றி, பலரை எந்த வசதியும் இல்லாத அமைப்புகளிடம் தள்ளியது. பட்டினியிலும் கவனிப்பில்லாமலும் 144 பேர் செத்தார்கள். ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே விசாரித்து 2018இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். "கொண்டுபோய்ச் சாகடிப்பாங்க" என்று அத்தை கதறினார். எனக்கு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் கருகிப்போனார்கள், 28 பேர். எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த வயதில் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. அத்தை தேற்றச் சொல்லி என்னைப் பார்த்தார், எனக்கு வாய் வரவில்லை.

கோகோதான் பேசினார். அவர் பேரன் அதே மருத்துவமனையில் இருந்து வந்தவன். எந்த நாளில் பார்க்கலாம், என்ன கொண்டுபோகலாம், வார்டில் யாரிடம் கேட்டால் பதில் வரும் என்று சொல்லி, "போய்ப் பாருங்கள், அடிக்கடி போய்ப் பாருங்கள், ஆள் வந்து பார்க்கிற நோயாளியை யாரும் மறக்கமாட்டார்கள்" என்றார். அத்தை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சோறு கட்டிக்கொண்டு.

இடையில் மறுஆய்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. கோர்ட் சம்மன் என்று நினைத்து வீடு நடுங்கியது. விஷயம் வேறு. ஒருவரை அவர் விருப்பமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், அது சரியா என்று வெளியாட்கள் பார்த்தே ஆகவேண்டும். அந்த வாரியத்தில் மனநலத் துறையைச் சேர்ந்தவர், சட்டம் தெரிந்தவர், சமூகத்திலிருந்து ஒருவர் என்று இருப்பார்கள். நோயாளியே அங்கே மேல்முறையீடு செய்யலாம். தம்பி செய்தார்! எங்கள் மேல் இருந்த கோபத்தை எல்லாம் அதில் கொட்டி எழுதியிருந்தார். நிராகரித்துவிட்டார்கள். ஆனால் தன் பேச்சை ஒருவர் எழுத்தில் வாங்கிப் பதில் போட்டார் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்றும் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. மாதம் ஒரு ஊசி, கிளினிக்கில், விடியற்காலை வரிசை. ஊசி போட்ட புதிதில் கை நடுங்கியது, உடம்பு கட்டைபோல விறைத்தது. சொன்னதும் டாக்டர் அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார். சொல்லாமல் இருந்து மருந்தையே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சில மாதம் கிளினிக்கில் ஊசி மருந்தே இருக்காது. அப்போது குழுவின் வாட்ஸ்அப்பில் தகவல் ஓடும், எந்த கிளினிக்கில் இருக்கிறது, யார் அந்தப் பக்கம் கார் எடுக்கிறார் என்று. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காத நாளில் தம்பியைக் கூட்டிப்போனவர் ஒரு முஸ்லிம் அங்கிள், தன் மகளோடு சேர்த்து.

ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு சாஸ்ஸா (அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் துறை) அலுவலகம் போனோம். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு, வருமானத்தைப் பார்த்துத் தருவது. மாதம் இரண்டாயிரம் ராண்டுக்கு மேல். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும், எங்களுடையது பழசாகிவிட்டதால் திரும்ப வாங்கினோம். முதலில் தற்காலிகமாகத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம், பிறகு மறுபடி விண்ணப்பம். நோய் அப்படியேதான் இருக்கிறது, தொகை மட்டும் நின்றுபோகும். இது எனக்கு இன்றுவரை எரிச்சல்.

குழுவில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது காவடிப் பேச்சு. தைப்பூசம் வந்தால் டர்பனே முருகன் பக்கம் திரும்பிவிடும். தம்பிக்குக் காவடி எடுக்க ஆசை. அத்தைக்கு அதைவிட ஆசை. ஊர்க்காரர்கள் மருந்தை நிறுத்தினால்தான் விரதம் சுத்தம் என்றார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதையே எடுத்துப் பேசவைத்தார். லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிற ஒரு பெண் இருந்தார், இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர். உப்பைக் குறைத்துத் தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் நடந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும், ஜனவரி பிப்ரவரி இங்கே உச்சக் கோடை. டாக்டரைக் கேட்காமல் அவர் விரதம் இருக்கவே கூடாது. தம்பிக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் தூக்கம் கெட்டால் குரல்கள் திரும்பும். மேளம், சாமியாட்டம், இரவு முழுக்கப் பஜனை, எல்லாமே தூக்கத்தைத் தின்பவை. கடைசியில் அவர் பால்குடம் எடுத்தார். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுத் தூங்கி, காலையில் புறப்பட்டார். கோயில் குருக்களிடம் போய்ப் பேசியதும் அக்காதான். "மருந்தும் அவன் கொடுத்ததுதானே" என்று குருக்கள் சொன்ன பிறகு அத்தை வாதாடவில்லை.

கூட்டத்தில் எல்லாமே இப்படிக் கைகூடும் என்று நினைக்கவேண்டாம். சில ஞாயிறு சண்டை. சிலர் ஒரே புலம்பல். ஒருவர் தம் மூலிகைப் பொடியை விற்க வந்தார், அனுப்பிவிட்டோம். ஆனால் வீட்டில் நச்சரிப்பதை நாங்கள் குறைத்துக்கொண்டது அங்கே கற்றதுதான். எழுந்திரு, குளி, வேலைக்குப் போ என்று குத்திக்கொண்டே இருக்கிற வீட்டில் இந்த நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அத்தைக்கு இதைப் புரியவைத்தது மற்றொரு தாய், நான் சொன்னால் எடுபட்டிருக்காது. மருமகள் வாய் அல்லவா.

தம்பி இப்போது வாரத்தில் மூன்று நாள் பழைய டயர் கடைக்கே போகிறார். தீராமல் நிற்பது ஒன்றுதான்: அத்தைக்குப் பிறகு? எங்களோடு இருக்கலாம், ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. உதவியோடு தனியாக வாழும் விடுதிகளை நடத்தும் தொண்டு நிறுவனங்கள் இங்கே உண்டு, இடம் கிடைப்பதுதான் பாடு. எசிடிமெனிக்குப் பிறகு எந்த இடம் என்றாலும் உரிமம் இருக்கிறதா, இரவில் யார் இருக்கிறார்கள், மருந்து யார் கையில் என்று நேரில் போய்க் கேட்காமல் நாங்கள் நகர்வதில்லை. போன மாதம் ஒரு விடுதியில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தோம். விண்ணப்பத்தைத் தம்பியே நிரப்பினார். 'சிறப்புத் தேவைகள்' என்ற இடத்தில், பக்கத்து அறையோடு ஒட்டாத சுவர் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.