பிரியாமின் இரவு: தனியாள் கதைசொல்லல் தேர்வுக்கு நான் தயாரான விதம்

லண்டனில் நாடகத்தில் முதுகலை படித்தபோது இரண்டாம் பருவத்தில் ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. விதிகள் நாலே வரி. பண்டைக் கிரேக்கப் புராணத்திலிருந்து ஒரு கதை, மேடையில் ஒரே ஆள், 20 நிமிடம், அதன்பின் 15 நிமிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒரு நாற்காலி தருவார்கள், வேறு பொருள் எதையும் கையில் எடுக்கக் கூடாது. இதே மாதிரித் தேர்வுக்குத் தயாராகும் இரண்டு பேர் சமீபத்தில் என்னிடம் விவரம் கேட்டார்கள். ஆளுக்கொரு தடவை போனில் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட டிராய் போர் முழுவதையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தங்க ஆப்பிளில் ஆரம்பித்து மரக் குதிரையில் முடித்தேன். வகுப்பில் சொல்லிக் காட்டியபோது 20 நிமிடத்தில் 31 பெயர்கள் வந்தன. முடித்ததும் யாருக்காவது ஏதாவது முகம் நினைவிருக்கிறதா என்று ஆசிரியர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. "இது கதை இல்லை, பொருளடக்கம்" என்றார். கோபம் வந்தது, ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

அந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரே அந்தத் தவறைச் செய்யவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பத்தாண்டுப் போரில் சில வாரங்களை மட்டுமே அவருடைய இலியட் காவியம் எடுத்துக்கொள்கிறது. மரக் குதிரை அதில் வரவே வராது. ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிந்துவிடுகிறது. சரி, அவரே அவ்வளவுதான் எடுத்திருக்கிறார் என்றால் எனக்கு ஒரு இரவு போதும் என்று கடைசிக் காண்டமான 24ஐ எடுத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். தன் உயிர்த்தோழன் பத்ரோக்லஸைக் கொன்ற ஹெக்டரைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் கொன்றுவிடுகிறான். கொன்றும் ஆறவில்லை. உடலைத் தேரில் கட்டி பத்ரோக்லஸின் சமாதியைச் சுற்றி நாள்தோறும் இழுக்கிறான். ஹெக்டரின் அப்பா, டிராய் மன்னர் பிரியாம், கிழவர். கோவேறு கழுதை பூட்டிய வண்டி நிறையப் பொருளை ஏற்றிக்கொண்டு, இடாயஸ் என்ற வயதான தூதுவனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு இரவில் எதிரி முகாமுக்குப் போகிறார். வழியில் ஹெர்மீஸ் தெய்வம் இளம் வீரன் வேடத்தில் வந்து காவலைத் தாண்டிக் கூட்டிப் போகிறது. கிழவர் தனியாக உள்ளே நுழைந்து அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார்.

இந்தக் காண்டம் 804 அடிகள். ஆங்கில மொழிபெயர்ப்பை வாய்விட்டு வாசித்தபோது எனக்கு ஒரு மணி நேரம் 10 நிமிடம் ஆனது. அதனால் இதிலும் வெட்ட வேண்டும். தெய்வங்கள் கூடிப் பேசுவது, அக்கிலீஸின் தாய் தெட்டிஸ் அவனிடம் வருவது, தெய்வங்களின் தூதி ஐரிஸ் பிரியாமிடம் போவது எல்லாவற்றையும் இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். எல்லோரும் வெட்டச் சொன்ன ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அது மகனின் உடலை மீட்கக் கொடுக்கும் பொருள்களின் பட்டியல்.

பிரியாம் பெட்டிகளைத் திறக்கிறார். 12 அங்கிகள், 12 மேலாடைகள், 12 விரிப்புகள், 12 வெள்ளைப் போர்வைகள், 12 உள்ளாடைகள். 10 டாலண்ட் (அந்தக் கால எடை அளவு) தங்கம். இரண்டு முக்காலிகள், நான்கு கொப்பரைகள். கடைசியில் ஒரு கோப்பை, திரேஸ் நாட்டுக்காரர்கள் அவருக்குத் தந்தது. அதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் சலவைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு அப்பா வீட்டைக் காலி செய்வதை வேறு எப்படிக் காட்டுவீர்கள்? வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டே எண்ணினேன். கோப்பை வரும்போது கை சற்றுத் தயங்கி, அப்புறம் வைத்தது. அந்த இடத்தில் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

உடனே அடுத்தது சிரிப்பு. மிஞ்சியிருக்கும் ஒன்பது மகன்களைக் கிழவர் திட்டித் தீர்க்கிறார். நல்லவர்கள் எல்லாம் செத்துவிட்டார்கள், எனக்கு மிஞ்சியது பொய்யர்கள், ஆட்டக்காரர்கள், சொந்த ஊரிலேயே ஆட்டுக்குட்டி திருடுகிறவர்கள் என்கிறார். இதை விட்டுவிடாதீர்கள். துக்கக் கதையில் கிழவருக்குக் கோபமும் இருந்தால்தான் அவர் ஆளாகத் தெரிவார்.

மனப்பாடம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முழுப் பிரதியையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யாதீர்கள். 1930களில் ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரியும் அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியாவில் குஸ்லே என்ற நரம்புக் கருவியை இசைத்துக் கதை பாடுபவர்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாடகர்கள் எழுதி வைத்ததை ஒப்பிக்கவில்லை. வழிவழியாக வந்த தொடர்களையும் காட்சிகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பாட்டைப் புதிதாகக் கட்டினார்கள். ஹோமரின் காவியங்களும் அப்படிப்பட்ட மரபில் விளைந்தவை என்பது பாரியின் வாதம். வைவாவில் இது கட்டாயம் வரும். எனக்கு அது செய்முறையிலும் உதவியது.

கதையை 11 நிறுத்தங்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒரு பொருள், சொல் மாறாமல் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம். நடுவில் உள்ளதை அன்றன்றைக்கு வாயில் வந்தபடி சொன்னேன். தேர்வு நாளில் இதுதான் காப்பாற்றியது. ஐந்தாவது நிறுத்தத்திலிருந்து நேராக ஏழுக்குத் தாவிவிட்டேன். பிரியாம் அக்கிலீஸின் வாசலில் நிற்கிறார், ஹெர்மீஸைக் காணோம்! காவலை எப்படித் தாண்டினார்? ஒரு விநாடி வயிறு கலங்கியது. அப்புறம் பிரியாமைத் திரும்பிப் பார்க்க வைத்தேன். "ஆற்றங்கரையில் கூட வந்த இளைஞன் இப்போது அங்கே இல்லை" என்று ஆரம்பித்து, பின்னோக்கி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். மனப்பாடமாக இருந்திருந்தால் அங்கேயே நின்று போயிருப்பேன். தேர்வாளர்கள் அதை வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ஹோமரின் அடைமொழிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'குதிரைகளை அடக்கும் ஹெக்டர்' என்பதில்தான் காவியமே முடிகிறது, அதனால் அது அவசியம். 'வேகக்கால் அக்கிலீஸ்' என்பதில்தான் யோசித்தேன். பிரியாம் வந்தபின் அவன் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறான். ஒரே ஒரு தடவை சிங்கம் மாதிரி வாசலுக்குப் பாய்கிறான். அங்கே மட்டும் அந்தப் பெயரைச் சொன்னேன்.

இனி உடம்பு. இலியடில் கிட்டத்தட்டப் பாதி நேரடிப் பேச்சு. ஹோமர் தான் கொஞ்சமாகப் பேசி, பாத்திரங்களைப் பேச விடுகிறார் என்று அரிஸ்டாட்டில் பாராட்டுகிறார். இதைப் படித்துவிட்டு, பேச்சு என்றால் நடிப்புதானே என்று கூன் போட்டேன், குரலை நடுங்க வைத்தேன், இடம் மாறி மாறி நின்றேன். முதல் ஒத்திகையில் நண்பர்கள் சிரித்தார்கள், ஆட்டுக்குட்டி திருடும் இடத்தில் அல்ல. பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். பிரியாம் பேசினால் பார்வை சற்று மேலே, அக்கிலீஸ் பேசினால் சற்றுக் கீழே, கதைசொல்லி பேசினால் நேராகப் பார்வையாளரை. கால் அசையாது. நாற்காலியில் கடைசி வரை உட்காரவே இல்லை. அக்கிலீஸ் அதில் இருக்கிறான் என்று எல்லோரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

கையை முத்தமிடும் இடம்தான் படுத்தியது. ஒரே ஆள், யார் கையை யார் முத்தமிடுவது? என் கையையே முத்தமிட்டுப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. காற்றில் முத்தமிட்டால் அதைவிட மோசம். மூன்று வாரம் இதிலேயே போனது. கடைசியில் இரண்டு கைகளையும் உள்ளங்கை தெரிய முன்னால் நீட்டினேன், அக்கிலீஸின் கைகளாக. முத்தத்தை வாயால் சொன்னேன், செய்யவில்லை. ஐந்து மூச்சு வரை கைகளை இறக்கவில்லை. பிரதியை எழுதும்போதே இந்த மௌனங்களுக்கு இடம் விடுங்கள். 20 நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 2,600 சொற்கள் வரை பேசலாம், நான் 1,900தான் எழுதினேன்.

அழுகை பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு ஒத்திகையில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கேட்டவர்களுக்கு வரவில்லை. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், ஹோமரை நிகழ்த்தும் அயோன் என்பவர் சொல்கிறார்: சோகமான இடத்தில் என் கண் நிறையும், ஆனாலும் மேடையிலிருந்து கூட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பேன், அவர்கள் அழுதால் காசு வாங்கி நான் சிரிப்பேன், அவர்கள் சிரித்தால் காசு போய் நான் அழுவேன். சாக்ரடீஸ் அவரைக் கிண்டல் செய்வதற்காகத்தான் பேச வைக்கிறார். எனக்கென்னவோ அயோன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஊரில் கேட்டு வளர்ந்த ஒப்பாரி மெட்டை ஹெக்டருக்காகப் பெண்கள் புலம்பும் இடத்தில் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பின் யாரும் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகியைப் பற்றிப் பேசவில்லை, என் பாட்டைப் பற்றியே பேசினார்கள். எடுத்துவிட்டேன்.

வைவாவுக்கு வருவோம். குறைந்தது மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், பிறகு மூடிவிட்டுச் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். மூலத்திலிருந்து விலகினால் விலகியது தெரிந்திருக்க வேண்டும். வியன்னா அருங்காட்சியகத்தில் பிரைகோஸ் ஓவியர் என்ற பண்டைக் கிரேக்கக் கலைஞர் தீட்டிய ஒரு கிண்ணம் இருக்கிறது, சுமார் கி.மு. 490. அக்கிலீஸ் கட்டிலில் சாய்ந்து இறைச்சி தின்கிறான், கட்டிலுக்கு அடியில் ஹெக்டரின் உடல். அந்தப் படம் மனதில் பதிந்து, என் கதையிலும் பிரியாம் உள்ளே வந்ததும் மகனைப் பார்த்துவிட்டார். ஹோமரில் அப்படி இல்லை. உடலை அப்பா கண்ணில் படாமல் கழுவச் சொல்கிறான் அக்கிலீஸ். பார்த்து அவர் கோபப்பட்டால் தானும் கட்டுமீறி அவரைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். மாதிரி வைவாவில் ஒரு தோழி இதைப் பிடித்தாள். திருத்தினேன், தேர்வில் அதே கேள்வி வந்தது, நன்றாகச் சொன்னேன்.

இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "பிரிசெயிஸ் எங்கே?" என்றார் ஒரு தேர்வாளர். அக்கிலீஸ் அடிமையாகப் பிடித்து வந்த பெண். அவளைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் பறித்துக்கொண்டதில்தான் காவியத்தின் சண்டையே தொடங்குகிறது. என் காண்டத்தில் அவள் வரவில்லையே என்றேன். வருகிறாள் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். இரண்டு ஆண்களும் அழுது, சாப்பிட்டு, படுக்கப் போகிறார்கள். அக்கிலீஸ் உள்ளே தூங்குகிறான், பக்கத்தில் பிரிசெயிஸ். அவ்வளவுதான். அவளுடைய அப்பா, அண்ணன்மார் பற்றி அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. எட்டு மாதம் படித்தும் நான் அந்த அடியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

68 மதிப்பெண் வந்தது. 70 எடுத்திருந்தால் டிஸ்டிங்ஷன். இப்போதும் அவ்வப்போது இந்தக் கதையைச் சொல்கிறேன். இருவரும் தூங்கியபின் அந்த நாற்காலியின் பின்பக்கம் போய் நிற்கிறேன், அவள் பெயரை மட்டும் சொல்கிறேன், பிறகுதான் பிரியாமின் வண்டி கிளம்புகிறது.