அரைப் பென்னிக்கு ஒரு பன்றி

தென்னாப்பிரிக்கா 1954-இல் வெளியிட்ட விலங்குத் தபால்தலை வரிசையில் விலை வைத்திருக்கும் விதமே வேடிக்கை. அரைப் பென்னிக்கு வார்ட்ஹாக், அதாவது முகமெல்லாம் மருவோடு திரியும் காட்டுப்பன்றி. காட்டு ராஜா சிங்கத்துக்கு ஆறே பென்னி! ஒட்டகச்சிவிங்கிக்கு 5 ஷில்லிங் (ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி). உச்ச விலையான 10 ஷில்லிங் யாருக்குத் தெரியுமா? சேபிள் மானுக்கு. பின்னோக்கி வளைந்த அந்தக் கொம்பைப் பார்த்தால், சரி, கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

1961-இல் பணம் ராண்ட், சென்ட் என்று மாறியபோது இந்த விலங்குகளில் சில புது விலையோடு மறுபடி வந்தன. அப்புறம் 1977-இல் புரோட்டியா குடும்பப் பூக்களின் வரிசை. இதில் பல செடிகள் காட்டுத்தீ வந்துபோன பிறகுதான் விதையை உதிர்க்கும். தபால்தலையில் என்னவோ சாதுவாகத்தான் தெரிகின்றன. அந்தப் பூ வரிசை யாரிடமாவது முழுதாக இருந்தால் கமெண்டில் படம் போடுங்களேன்.