அப்பாவுக்கு வந்த கடிதம்

2016-இல் அப்பா பேருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அவர் இறந்து அப்போது ஏழு வருடம். நகர மன்ற முத்திரையைப் பார்த்ததும் சம்மன் என்று பயந்து, அம்மா உறையைப் பிரிக்காமல் சாமி மேடையில் வைத்துவிட்டார். பட்டர்வொர்த்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பினாங்குத் தீவில், குளுகோரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனபோதுதான் விபூதித் தட்டுக்கு அடியில் பார்த்தேன். வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அது சம்மன் இல்லை. எங்கள் லோரோங் (சந்து) முனையில் இருக்கும் பழைய பங்களாவை இடித்து ஐந்து மாடி அடுக்ககம் கட்ட யாரோ மனு போட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு. 1976-ஆம் வருடத்து நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், 21(6) பிரிவு. எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மனு வந்தால் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் இப்படி எழுத வேண்டும். எங்கள் பகுதிக்கு அப்போது அந்தத் திட்டம் அரசிதழில் வந்திருக்கவில்லை.

அக்கம்பக்கம் என்றால் யார்? ஒட்டிய நிலம். நடுவில் சாலையோ கால்வாயோ இருந்தால், அது 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாதவரை எதிர்ப்பக்கமும் சேர்த்தி. எங்களுடையது ஜாலான் மாத்தி, ஒரே வழிதான் உள்ளே வர. அப்படிப்பட்ட தெருவில் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் எல்லா நிலமும் அக்கம்பக்கம்தான். அதனால்தான் கடைசி வீடான எங்களுக்கும் கடிதம்.

பங்களாவை ஒட்டிய வீட்டு ஆன்ட்டிக்கு வரவில்லை. பதினான்கு வருடமாக அங்கே வாடகைக்கு இருக்கிறார். அவர் கறி பொரிக்கும் அடுப்புக்கும் பங்களாச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் கால்வாய்தான். கடிதம் ஜொகூர் பாருவில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போயிருக்கும். சட்டம் பார்ப்பது கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், உள்ள பெயரை. இறந்துபோன அப்பாவுக்கு ஆட்சேப உரிமை உண்டு, தினமும் அந்தச் சுவரைப் பார்த்துப் பாத்திரம் கழுவுகிறவருக்கு இல்லை.

சரி, எழுதினேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழை இணைத்து, அம்மா கையெழுத்தில். “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். டேப் பிடித்து லோரோங்கை அளந்தேன்: கார்கள் நிற்காத இடத்தில் 5.4 மீட்டர், நின்றால் 3-கூட இல்லை. போம்பா (தீயணைப்பு) வண்டி எங்கே திரும்பும் என்று கேட்டேன். ஆன்ட்டியின் கால்வாய் மழைக்கு வழியும் படம் இரண்டு, அவர் கைப்பேசியில் எடுத்தது, அதையும் ஒட்டினேன்.

ஆட்சேபம் போய்ச் சேர்ந்து 30 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும்; வைத்தார்கள். ஆன்ட்டியையும் கூட்டிப்போனேன். அவர் பெயர் பட்டியலில் இல்லை, வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. அதில் ஆறு நிமிடம் அவருடைய கால்வாய்க்கே போயிற்று. கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் நான்கு மாடியாகவும் புதுக் கால்வாயோடும்.

கோலாலம்பூரில் இந்தச் சட்டம் செல்லாது, அங்கே 1982-ஆம் வருடத்து வேறு சட்டம். ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றபோது, தெருக்காரர்கள் ஜெயித்தார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே ரூமா பாஞ்சாங்கில் (நீள வரிசை வீடுகளில்) வருடக்கணக்காகக் காத்திருந்த பழைய தோட்டக் குடும்பங்களுக்கான வீடும் அதே திட்டத்தில்தான் இருந்தது. அவர்கள் கையிலும் கிராண்ட் இல்லை.

அப்புறம் அம்மாவிடம் பூசாக்கா வேலையை, அதாவது அப்பா பேரில் இருக்கும் வீட்டை வாரிசு பேருக்கு மாற்றுவதை, முடிக்கச் சொன்னேன். “பேரை மாத்திட்டா நெசமாவே இல்லன்னு ஆயிடும்டா” என்று இழுத்தார். போன வருடம்தான் சம்மதித்தார்.

இப்போது லோரோங்கில் யாராவது மூன்றுகால் அளவுக் கருவியோடு நின்றால் போதும், ஆன்ட்டி எங்கள் கேட்டுக்கு வந்துவிடுவார். “சூராட் சூடா சம்பாய்?” கடிதம் வந்துவிட்டதா என்று.