ஜராய்ன் சரிவில் குடுவைச் செடி

மேகாலயாவில் டாவ்கிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அடியாழம் தெரியும் உம்ங்கோட் ஆற்றில் படகேறிப் படமெடுக்கத்தான் போகிறார்கள். நாங்களும் எடுத்தோம், பொய் சொல்வானேன். ஆனால் நேர்வழியை விட்டு ஜோவாய் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று தம்பியிடம் நான் அடம்பிடித்ததற்குக் காரணம் வேறு. பள்ளிக்கூடத் தாவரவியல் புத்தகத்தில் மங்கலான படமாகப் பார்த்த நெப்பந்தஸை, அதாவது பூச்சி தின்னும் குடுவைச் செடியை, நேரில் பார்க்க வேண்டும். இந்தியக் காடுகளில் தானாக வளரும் நெப்பந்தஸ் ஒரே ஒரு இனம்தான்: நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளைத் தாண்டி அநேகமாக அது எங்கும் இல்லை.

ஷில்லாங்கிலிருந்து ஜோவாய் சுமார் 65 கிலோமீட்டர். அங்கிருந்து டாவ்கி சாலையைப் பிடித்தால் வழியில் ஜராய்ன் என்ற ஊர். அங்குள்ள குளத்துக்கே 'பிட்சர் பிளான்ட் லேக்' (குடுவைச் செடிக் குளம்) என்றுதான் பெயர். வெட்டி உருவாக்கிய குளம், படகு, நடைபாதை எல்லாம் உண்டு. பெயரில் இருக்கும் செடியைத்தான் காணோம். டீக்கடை அம்மாவிடம் (அங்கே பெண்களை மரியாதையாக 'காங்' என்று அழைக்கிறார்கள்) எங்கள் அரைகுறை இந்தியில் கேட்டோம். வெற்றிலையும் பச்சைப் பாக்கும் மென்றபடியே சிரித்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கச் சரிவைக் கைகாட்டினார். வண்டி ஓட்டி வந்தவரும் கூட இறங்கி வந்தார்.

சரிவில் மண் என்று சொல்ல அதிகம் இல்லை. பாறைமேல் மெல்லிய சரளை, கட்டைப் புல், அங்கங்கே புதர். ஒரு புதரை ஓட்டுநர் விலக்கினார். தரையோடு சாய்ந்து படர்ந்த கொடி. நீண்ட இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நூலாக நீண்டு, வளைந்து, அதன் முனையில் குடுவை. பச்சையில் சிவப்புத் தீற்றல், மேலே மூடி. பலர் இதைப் பூ என்று நினைக்கிறார்கள்; இலையின் ஒரு பகுதிதான் இப்படி உருமாறியிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கலங்கலான நீரில் எறும்புகள் கிடந்தன. சில கொசுப் புழுக்கள் மட்டும் சுகமாக நெளிந்துகொண்டிருந்தன. எறும்பைச் செரிக்கும் நீரில் கொசுவுக்குப் பிரசவ விடுதி!

குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது, விளிம்பு வழுக்குகிறது. அது மட்டுமல்ல. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் 2013இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புற ஊதா ஒளி பட்டால் இந்த விளிம்பு நீலமாக ஒளிர்கிறது. அதை மறைத்துவிட்டால் விழும் இரை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு ஏற்பாடும் நைட்ரஜனுக்காக. கொட்டும் மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிற இடத்தில் வேறு செடிகள் திணறும்போது, இது பூச்சியைத் தின்று பிழைத்துக்கொள்கிறது.

அதன் வில்லங்கமும் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அடர்ந்த காட்டை அழித்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். இந்தச் சொட்டைச் சரிவைப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தரிசு. தரிசைத் தோண்டினால், உடைத்தால், சாலை போட்டால் யார் கேட்பது?

காகிதத்தில் இதற்குக் காவல் பலம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் 'அழியும் அபாயத்தில் உள்ளது' என்ற நிலை. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பில் இருப்பதால் காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு விற்க முடியாது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் இருந்த தாவரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இதுவும் ஒன்று. (2022 திருத்தத்தில் அட்டவணை எண் மாறிவிட்டது, பாதுகாப்பு தொடர்கிறது.) வேடிக்கை என்னவென்றால், செடியைக் காப்பாற்றியது சட்டத்தின் ஆறாவது அட்டவணை; செடி நிற்கும் நிலமோ, பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைக்குக் கீழ் வருகிறது. அதன்படி இங்கே நிலமும் காடும் பெரும்பாலும் குலங்களுக்கும் ஊராருக்கும் தனியாருக்கும் சொந்தம். வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் இருப்பது சொற்பம். செடியைப் பறித்தால் குற்றம். நிலத்துக்காரர் தன் சரிவையே வெட்டியெடுத்தால்?

இதைப் பழங்குடி நில உரிமைக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவ்ஃப்லாங் புனிதக் காட்டில் ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப்போக விடாமல் காத்து வருபவர்களும் இதே மக்கள்தான். ஊர்ப் பொதுவாக இருந்த நிலம் தனிக் கைகளுக்குப் போனதும், அதன் அடியில் நிலக்கரி இருந்ததும்தான் சிக்கல். ஜெயந்தியா மலைகளில் ஆள் தவழ்ந்து போகும் எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. அதற்குப் பிறகு 2018 டிசம்பரில் க்ஸான் என்ற இடத்தில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்றால் தடையின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். சுரங்கத்தின் அமில நீர் கலந்த ஆறுகளில் மீன் இல்லை. லூகா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறுகிறது; விவரம் தெரியாதவர்கள் அதையும் அழகு என்று படமெடுக்கிறார்கள்.

நிலக்கரி மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல், எரித்துப் பயிரிடும் ஜூம் சாகுபடி, அப்புறம் துடைப்பப் புல். வழியெல்லாம் மலைச்சரிவுகளில் வரிசையாக நட்டிருந்தார்கள். நம் வீட்டில் கூட்டும் பூந்துடைப்பம் இந்தப் புல்தான். நாட்டில் அதிகம் விளைவிக்கும் இடங்களில் மேகாலயாவும் ஒன்று. நல்ல வருமானம் என்றார் ஓட்டுநர், அவர் மாமியார் வீட்டிலும் போட்டிருக்கிறார்களாம். காட்டை விடத் துடைப்பம் சோறு போடுகிறது என்றால் அவரிடம் நான் என்ன சொல்ல?

இன்னொரு தொல்லை செடிக்குள்ளேயே இருக்கிறது. நம் பனை மாதிரி இதிலும் ஆண் தனி, பெண் தனி. ஒரு சரிவில் ஆணும் அடுத்த சரிவில் பெண்ணுமாக ஒதுங்கிவிட்டால், நடுவில் ஒரு குவாரி வந்தாலே போதும், விதை பிடிப்பது அரிதாகிவிடும். அதனால் செடிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியாது. இதற்கென்றே தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் ஒரு சரணாலயம் உண்டு. பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு!

மூடி திறக்காத குடுவையின் நீரைக் கண் சிவந்தால் சொட்டு மருந்தாக விடும் வழக்கம் காசி, காரோ மக்களிடம் உண்டு. கைவைத்தியத்துக்கு நாலு குடுவை பறிப்பதால் செடி அழியாது. வேரோடு பிடுங்கித் தொட்டிச் செடியாக விற்பதுதான் ஆபத்து. ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பில் கன்றுகள் உருவாக்கியிருக்கிறார்கள். பாராபானியில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தோட்டத்திலும் வளர்க்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கன்று தயாராக இருந்தாலும் அதைக் கொண்டுபோய் நட ஒரு சொட்டைச் சரிவு மிச்சமிருக்க வேண்டுமே.

போக நினைப்பவர்களுக்கு: மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபர் நல்ல சமயம். ஷில்லாங்கிலிருந்து ஜோவாய்க்கு ஷேர் சுமோ கிடைக்கும். அங்கிருந்து தனி வண்டி பேசிக்கொள்வது வசதி. குளத்தோடு திரும்பிவிடாமல் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சரிவுக்குப் போங்கள், அவருக்குக் கூலி கொடுங்கள். கொடிகள் தரையோடு கிடக்கும், பார்த்துக் கால் வையுங்கள். குடுவைக்குள் விரல் விட வேண்டாம். சாலையோரம் யாராவது தொட்டியில் வைத்து விற்றால் வாங்காதீர்கள். படத்தைப் போடும்போது இடக்குறியீட்டை எடுத்துவிடுங்கள். நானும் அந்தச் சரிவு எந்தத் திருப்பத்தில் என்று எழுதவில்லை.