ஊசியைப் பார்த்து ஏமாந்தேன்: நூற்புழு வகைப்பாட்டைப் படித்த விதம்

மண் நூற்புழுக்களின் (நெமடோடுகள் எனப்படும் மெல்லிய உருளைப்புழுக்கள்) வகைப்பாட்டை நான் முதலில் படித்தது தலைகீழாக. வகுப்பு, வரிசை, குடும்பம் என்று அட்டவணையை உருப்போட்டுவிட்டுச் செய்முறைத் தேர்வுக்குப் போனேன். முதல் ஸ்லைடிலேயே வழுக்கல். புழுவின் வாய்க்குள் உணவைக் குத்தும் ஊசி தெரிந்தது. யோசிக்காமல் 'டைலங்கிடா' என்று எழுதினேன். அது டோரிலைமிடா என்ற வேறொரு வரிசை.

ஊசி வைத்த புழுவெல்லாம் ஒரே வம்சம் இல்லை. டைலங்கிடா, டோரிலைமிடா, டிரைகோடோரஸ் ஆகிய மூன்றிலும் அது தனித்தனியாகத் தோன்றிய கருவி. அதனால் ஊசியைப் பார்த்ததும் பேனாவை எடுக்காதீர்கள். தொண்டை வழியாகக் கீழே இறங்குங்கள். ஊசியின் அடியில் மூன்று குமிழ்கள், உணவுக்குழலின் நடுவில் வால்வு உள்ள உருண்டை என்றால் டைலங்கிடா பக்கம். நடு உருண்டையே இல்லாமல் முன்பாதி மெலிந்து, பின்பாதி பாட்டில் மாதிரி தடித்திருந்தால் டோரிலைமிடா. நடு உருண்டை உடலின் அகலத்தையே அடைத்துக்கொண்டு நின்றால் அஃபெலெங்க் வகையைச் சந்தேகிக்கலாம். நான் இதை வாசித்து மனதில் ஏற்றவில்லை. தினமும் பத்துத் தொண்டைகள் வரைந்தேன். படம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

அளவுகளுக்கு டி மான் குறியீடுகள் (உடல் அளவுகளின் விகிதங்கள்) போதும். சூத்திரத்தை ஒப்பிப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புழு நீளம் 500 மைக்ரான், தலையிலிருந்து பெண் துவாரம் வரை 400 என்றால் வி மதிப்பு (துவாரம் இருக்கும் இடம், மொத்த நீளத்தின் சதவீதமாக) 80. துவாரம் நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கிறது என்று பொருள். அதோடு தட்டையான தலை, குட்டையான தடித்த ஊசி, ஒரே சினைப்பை என்றால் பிராட்டிலெங்கஸ் பேரினம் நினைவுக்கு வர வேண்டும்.

சரி, மரபணுவுக்கு வருவோம். வாலில் ஃபாஸ்மிட் என்ற உணர்வுறுப்பு உண்டா இல்லையா என்பதை வைத்து, நூற்புழு ஆய்வாளர் சிட்வுட் காலத்திலிருந்தே நூற்புழுக்களை இரண்டாகப் பிரித்து வந்தார்கள். 1998-இல் பிளாக்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 53 வகைகளின் 18எஸ் மரபணுவை (ரைபோசோம் ஆர்என்ஏ-வுக்கான மரபணு) ஒப்பிட்டு, ஐந்து பெரும் கிளைகளைக் காட்டினார்கள். ஃபாஸ்மிட் உள்ளவை உண்மையிலேயே ஒரே கிளையில் சேர்ந்தன. 'இல்லாதவை' என்று மூட்டை கட்டிய கூட்டம்தான் சிதறியது. ஓர் உறுப்பு இல்லை என்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. 2006-இல் ஹோல்டர்மன் குழு 339 டிஎன்ஏ வரிசைகளோடு 12 கிளைகள் வரை கொண்டுபோனது. ஆண்டுகளை மறந்தாலும் இந்தத் தர்க்கத்தை மறக்காதீர்கள். வைவாவில் குடைவது இதைத்தான்.

அங்கே என்னிடம் வந்த கேள்வி: அஃபெலெங்க் வகையின் அஃபெலெங்கஸும் அஃபெலெங்காய்டஸும் உடலமைப்பில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றனவே, 18எஸ் மரபணுவை வைத்து வரைந்த உறவு மரத்தில் ஏன் தள்ளி நிற்கின்றன? 'மரபணுதான் சரி' என்று அடித்துச் சொல்லப் பார்த்தேன், நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். முதலாவது டைலங்குகளோடும், இரண்டாவது பனாக்ரோலைமஸ் வகைகளுக்கு அருகிலும் சேர்கிறது. ஒரே மாதிரியான உணவுமுறை தொண்டையை ஒரே அச்சில் வார்த்திருக்கலாம். ஒற்றை மரபணு மரமும் சறுக்கலாம் என்று இரண்டையும் சொன்னேன். தேர்வாளர் தலையாட்டினார்.

எந்த மரபணு எதற்கு என்பதில் பலர் குழம்புகிறார்கள். 18எஸ் மெதுவாக மாறுவது, பெரிய கிளைகளுக்கு நல்லது. நெருங்கிய இனங்களைப் பிரிக்க 28எஸ் என்ற இன்னொரு ரைபோசோம் மரபணுவின் டி2-டி3 பகுதியையோ மைட்டோகாண்ட்ரிய மரபணுவையோ பார்ப்பார்கள்.

அப்புறம், செய்முறையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். கிடைத்த ஒரே பெண் புழுவை அளக்காமல், படமெடுக்காமல் நேரே டிஎன்ஏ-வைப் பெருக்கும் பிசிஆர் குழாயில் போட்டுக் கரைத்துவிட்டேன். டிஎன்ஏ வரிசை அழகாக வந்தது. எந்த உடலுக்கு அது என்று காட்டத்தான் ஒன்றுமில்லை. முதலில் தலை, நடு உருண்டை, துவாரம், வால் நான்கையும் படம் எடுங்கள், அதன்பின் கரையுங்கள். ஃபார்மலினில் போட்ட புழுவில் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. படத்துக்கும் டிஎன்ஏ-வுக்கும் வேண்டுமென்றால் டிஎம்எஸ்ஓ, ஈடிடிஏ, உப்பு சேர்ந்த கரைசலில் வைக்கலாம்.